பதினேழுக்கு ஒரு தேதி

அந்தப் பேட்டரிக் கம்பெனியில் தேதி குத்தாத பொருள் கேட்டைத் தாண்டாது. விரல் நீளத்துக்கு எஃகு அச்சுகள் இருக்கும், ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் எண். அச்சை ஈயத்தின் மேல் நிறுத்திச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இரண்டு, கடைசியில் செய்தவரின் அடையாள எண். அந்த எண் இரண்டு இலக்கமானாலும் ஒரே அச்சில் வெட்டியிருப்பார்கள். ஆக மொத்தம் ஏழு அடி. ஈயம் சாதுவான உலோகம். எதைக் குத்தினாலும் வாங்கிக்கொள்ளும். குத்தின இடம் முதலில் வெள்ளி மாதிரி மினுங்கும், சில நாளில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும்.

அளவம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. சொந்தப் பெயர் வேறு. மாதிரி அறையில் அளவெடுப்பவள் என்பதால் சேர்ந்த மாசமே 'அளவு' ஆக்கிவிட்டார்கள். தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஓர் 'அம்மா' வந்து ஒட்டிக்கொண்டது.

பேட்டரி ஒரு விசித்திரமான பிறவி. வேலை வாங்கினாலும் தீரும், சும்மா வைத்தாலும் தீரும். சும்மா வைத்தால் எவ்வளவு நாளில் தீர்கிறது என்று பார்க்கத்தான் மாதிரி அறை. ஈயம் ஒட்டும் தொழிலாளி ஒவ்வொருவரும் செய்ததிலிருந்து நாளுக்கு ஒரு செல்லை எடுத்து அந்த அறையின் அலமாரியில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அளவம்மா மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு செல்லிலும் தொட்டு, முள் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவாள். நன்றாகச் சார்ஜ் ஏறிய செல் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். வாரம் போகப் போக இறங்கும். இரண்டு வருஷத்தில் செத்துப்போகும். செத்ததை உலைக்கு அனுப்பிவிட்டுப் புதுசை வைப்பார்கள். மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அவள் நோட்டில் ஒரு வெள்ளிக்கிழமை விடுபட்டதில்லை. ஓர் அடித்தல் திருத்தல்கூடக் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் சேர்ந்தது முதலாளி காலம். பேட்டரி லேபிளில் குதிரை ஓடியது, ஆபீஸ் அறையில் ஒரு பெரிய ஆணியில் முதலாளியின் அப்பா படம் தொங்கியது. மூன்று வருஷத்தில் மக்கள் அரசு வந்து கம்பெனியை எடுத்துக்கொண்டது. அதே ஆணியில் புதுத் தலைவர் ஏறினார். குதிரை போய்ப் பல்சக்கரம் வந்தது. நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்ட போர்மேன் 'தோழர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். திட்டும்போது மட்டும் பழையபடி. ஐந்து வருஷம் கழித்துச் சீருடைக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஆணியில் தொப்பி வைத்த படம், லேபிளில் கழுகு. இந்த லேபிளையும் கேட்டின் போர்டையும் ஒவ்வொரு தடவையும் வரைந்தது அளவம்மாவின் அண்ணன்தான். கம்பெனி பெயிண்டர்.

"கழுகா இது? உன் பழைய குதிரைக்கு ரெக்கை முளைச்ச மாதிரி இருக்கு" என்று அவரிடம் சொன்னது அளவம்மாவின் வீட்டுக்காரர்.

"மெதுவாப் பேசுங்க மாப்ள. கழுகுக்குக் காது உண்டு" என்றார் அண்ணன்.

வீட்டுக்காரரின் அடையாள எண் பதினேழு. ஈயம் ஒட்டும் மேசைகளில் ஏழு பேர் இருந்தார்கள், அதில் அவர்தான் கைராசிக்காரர். ஈயம் உருக்கும் தீக்குழாய்ச் சுடரில் புருவம் பாதி கருகிப்போய், எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு முகம். கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'பதினேழு' என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாதிரி அறைக்கு வந்து வந்து நிற்பார்.

"என் செல்லு எப்படி நிக்குது?"

"உங்க செல்லு அசையாம நிக்குது. நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறீங்க. மேசைக்குப் போங்க, போர்மேன் பாக்கறாரு."

அந்த மேசைகளில் எந்த ஆட்சியிலும் மாறாத வழக்கம் ஒன்று இருந்தது. 'கை கொடுக்கிறது' என்பார்கள். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் எண்ணிக்கை குறைந்தால், மற்றவர்கள் தாங்கள் செய்த செல்லில் சிலதை அவருடைய எண்ணைக் குத்திப் போட்டுவிடுவார்கள். நாளைக்கு அவர் இவர்களுக்குச் செய்வார். முதலாளிக்குத் தெரியாது, தோழருக்குத் தெரியாது, சீருடைக்குத் தெரியவே கூடாது.

மகளுக்கு இரண்டு வயசில் விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை அப்பாவின் விரலை விடவில்லை. மூன்று நாள். சீருடைக் காலத்தில் அனுமதியில்லாமல் மூன்று நாள் மேசை காலியாக இருந்தால் அது வேலைக்குத் துரோகம், ஆளே வீடு திரும்பமாட்டான். வருகை நோட்டில் யாரோ கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் செல்களைச் செய்தார். ஆனால் அவரிடம் பதினேழாம் அச்சு இல்லை. வீட்டுக்காரர் தன்னுடையதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். எல்லா எண்ணுக்கும் ஒரு மாற்று அச்சு இருந்தது மாதிரி அறைப் பெட்டியில்தான்.

குத்தினது அளவம்மா. மூன்று நாளும், தன் கையால்.

பக்கத்து மேசைக்காரர் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்தார். அவசரத்தில் ஒட்டின ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தச் செல்கள் எல்லைக்குப் போய், வயர்லெஸ் பெட்டிக்குள் இருந்து, வேண்டிய நேரத்தில் கழுத்தறுத்தன. இரண்டு மாசம் கழித்து ஒரு ஜீப் வந்தது. எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி செத்துப்போன செல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது யார் நம்பர்?"

பதினேழு முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். தேதியைப் பார்த்தார். தான் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் என்று தெரிந்திருக்கும். தலையை நிமிர்த்தி, மாதிரி அறை வாசலில் நின்ற அளவம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்தார். கருகின புருவம், அதே ஆச்சரியப்பட்ட முகம்.

"என் நம்பர்தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கேட் காவலாளியின் நோட்டில் 'மாலை 5.40, வேலையை விட்டுப் போனார்' என்று எழுதியிருந்தது. அன்று மாலை அளவம்மா கேட்டிலேயே நின்றிருந்தாள். ஐந்து நாற்பதுக்கு ஒரு நாய்தான் வெளியே போனது.

அந்த வாரமே மாதிரி அறையை ஒட்டியிருந்த ஆசிட் அறையின் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆசிட் தின்னாமல் இருக்க உள்சுவர் முழுக்க ஈயத் தகடு அடித்த அறை அது. ஜன்னல் கிடையாது. பழசாகிவிட்டது, ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். செங்கலுக்கு மேலே பூசி வெள்ளையடித்தார்கள். மாதிரி அறையில் இருந்த பதினேழு எண் செல்களில், கெட்டுப்போனவற்றின் தேதியை ஒட்டிய பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உலைக்கு அனுப்பினார்கள். அவற்றை அந்தச் சுவரோரமாக மூன்றாம் தட்டில் அடுக்கி, ஓர் அட்டை தொங்கவிட்டார்கள்: 'விசாரணையில் உள்ளது. அகற்றக்கூடாது. வாரம்தோறும் அளவெடுக்கவும்.'

வெள்ளிக்கிழமை வந்தது. அளவம்மா மீட்டரை எடுத்துக்கொண்டு மூன்றாம் தட்டுக்குப் போனாள். முதல் செல்லில் முனையை வைத்தாள். முள் ஏறி நின்றது. அப்போதுதான் கேட்டாள்.

டக். டக். டக். டக். டக். டக். டக்.

சுத்தியும் ஈயமும் சேர்ந்த சத்தம். உலகத்தில் வேறெதுவும் அப்படிக் கேட்காது. எட்டு வருஷமாக அதைக் கேட்டு வளர்ந்த காது அவளுடையது. மீட்டரைக் கீழே வைத்தாள். சுவரில் காதை வைத்தாள். வெள்ளை ஈரமாக இருந்தது, கன்னத்தில் ஒட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

போர்மேனிடம் சொன்னாள். "தண்ணிக் குழாய்மா. வெயில் ஏறினா தட்டும்" என்றார் அவர், அவள் கண்ணைப் பார்க்காமல். அடுத்த வெள்ளியும் அதே பத்து மணி, அதே ஏழு. குழாய்க்குக் கிழமை தெரியுமா?

மாசம் இரண்டு போனபோது இன்னொன்றும் தெரிந்தது. பன்னிரண்டு செல்லில் மூன்று, எல்லாப் பேட்டரியையும்போல இறங்கிக்கொண்டிருந்தன. அவள் தன் கையால் எண் குத்திய மூன்று நாளின் செல்கள் அவை. மற்ற ஒன்பது வீட்டுக்காரர் செய்தவை. அவை இறங்கவில்லை. வைத்த அன்று என்ன காட்டினவோ அதையே காட்டின. இரண்டு புள்ளி ஒன்று இரண்டு. நூல் பிசகவில்லை.

நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தவள் வெகுநேரம் எழுதாமல் இருந்தாள். உள்ளதை எழுதினால் ஒன்பதும் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மூன்று ஏன் வேறு மாதிரி என்று கேட்பார்கள். தேதியைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தோண்டுவார்கள். குத்தினது யார் என்று வருவார்கள். வீட்டில் இரண்டு வயசுப் பிள்ளை, அப்பா விரலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டையும் ஒரே மாதிரி இறங்குவதாக எழுதினாள். அன்றைக்கு எழுதின பொய், பிறகு நிறுத்தவே முடியாததாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் பன்னிரண்டையும் நோட்டில் சாகடித்தாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பன்னிரண்டு பூஜ்யம். அலமாரியில் ஒன்பது செல்கள் உயிரோடு நிற்க, நோட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

சீருடைக்காரர்களும் ஒருநாள் போனார்கள். தேர்தல் வந்தது, கம்பெனி கைமாறியது, லேபிளில் சூரியன் உதித்தது. ஆணியில் படத்துக்குப் பதில் காலண்டர், அப்புறம் ஒரு கடிகாரம். ஒவ்வொரு புது அதிகாரியும் மாதிரி அறைக்கு வந்து அந்த அட்டை முன்னால் நிற்பார்.

"இதென்னம்மா, செத்த செல்லை அளந்துட்டு இருக்கீங்க?"

"உத்தரவு இருக்குங்க."

"யாரு போட்டது?"

"சீருடைக்காரங்க."

"அவங்கதான் போயிட்டாங்களே. ரத்து பண்ணலையா?"

"யாருங்க பண்ணணும்?"

அதிகாரி அட்டையைத் தொடலாமா என்று யோசிப்பார். கை பாதிவரை போகும். பிறகு எதற்கு வம்பு என்று சட்டைப்பைக்குள் திரும்பிவிடும். "சரி, இருக்கட்டும்." இப்படியே முப்பத்தொரு வருஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏழு அடியும் இருந்தது. அளவம்மா பழகிவிட்டாள் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு வெள்ளி லீவு எடுக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியதே இல்லை. யாரோ காத்திருக்கிற இடத்துக்குப் போகாமல் எப்படி இருப்பது?

முடிவு வந்தது வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியை வாங்கினபோது. இனி ஈயம் வேண்டாம், எல்லாம் லித்தியம் என்றார்கள். பழைய கட்டடங்கள் திங்கட்கிழமை இடிபடும். அதற்குள் மாதிரி அறையைக் காலிசெய்து செல்களை உலைக்கு அனுப்பவேண்டும். பொறுப்பு ஓர் இளம் பெண் பொறியாளருடையது. மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு பலகைக் கணினி, மரியாதையான பேச்சு.

அதே மாசம் புது அரசு, காணாமல் போனவர்களுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. மகள்தான் படிவத்தை வாங்கிவந்தாள். பள்ளிக்கூட டீச்சர், எதையும் கோடு போட்டு நேராக எழுதுகிறவள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்த கிளார்க் படிவத்தைப் புரட்டினார்.

"கம்பெனி ரிகார்டுல வேலையை விட்டுப் போனார்னு இருக்கும்மா. போனவரை நாங்க எப்படிக் காணாமப் போனவர்னு சேர்க்கிறது? அப்படி இல்லைன்னா இறந்த தேதி வேணும். ரெண்டும் இல்லாம அந்தக் கட்டம் காலியா இருந்தா மெஷினே வாங்காது."

வெளியே வந்து மகள் மரத்தடியில் நின்றாள். "அம்மா, எனக்கு வேற எதுவும் வேணாம். ஒரு தேதி. பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுல இருந்து எல்லா ஃபாரத்துலயும் அப்பா இருக்காரா இல்லையான்னு கேட்டா ஒரு கோடு போட்டுட்டு வரேன். இன்னும் எத்தனை நாளைக்குக் கோடு போடறது?"

ஒவ்வொரு பேட்டரிக்கும் தேதி குத்தின கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்தும், மகளுக்குக் கொடுக்க அளவம்மாவிடம் ஒரு தேதி இல்லை.

அன்று சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவருக்குக் கண் மங்கிவிட்டது. தூரிகை பிடித்த கை மட்டும் மடியில் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஆசிட் ரூம் சுவத்துக்கு வெள்ளையடிச்சது நீங்கதானே."

அசைந்த கை நின்றது.

"முப்பது வருஷம் கேக்காம இருந்தே. இப்ப எதுக்கு?"

"திங்கக்கிழமை இடிக்கிறாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பூச்சு காயறதுக்குள்ள அடிக்கச் சொன்னாங்க. பின்னாடி துப்பாக்கியோட ஒருத்தன். நான் ஒரு பட்டை அடிக்கிறேன், உள்ளேருந்து தட்டுது. இன்னொரு பட்டை, திரும்பத் தட்டுது. கத்தல் இல்லை, கூப்பாடு இல்லை, சும்மா வேலை செய்யிற மாதிரி. தலையைத் திருப்பினா அவன் என்னையே பாக்கறான். நான் அடிச்சு முடிச்சுட்டேன்மா." மடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "மாப்ளயோட தட்டு எனக்குத் தெரியாதா? கடைசி அடி மட்டும் கொஞ்சம் அழுத்தி விழும்."

"தெரியும்ணே" என்றாள். அவரைத் திட்டவேண்டும் என்றுதான் வந்தாள். அவர் பயந்து வெள்ளையடித்தார், இவள் பயந்து பூஜ்யம் எழுதினாள். யார் யாரைத் திட்டுவது?

மறுநாள் வெள்ளி. மகளை லீவு போடச் சொல்லி உடன் அழைத்துக்கொண்டு எட்டரைக்கே போய்விட்டாள். மாதிரி அறை வாசலில் தள்ளுவண்டி நின்றது. இரண்டு ஆட்கள் மூன்றாம் தட்டுக்குக் கைநீட்டியிருந்தார்கள்.

"அந்தச் சுவத்தை உடைச்சு உள்ள பாக்கணும். அப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றாள் பொறியாளரிடம்.

பொறியாளர் பலகையில் கட்டட வரைபடத்தைத் தேடினார். "அங்க ரூமே இல்லைம்மா. வெறும் சுவர்தான் காட்டுது. திங்கட்கிழமை மொத்தமா இடியத்தானே போகுது?"

"மெஷின் இடிச்சா யாரு பாப்பாங்க? நின்னு பாக்கணும். உள்ள ஆள் இருந்திருக்காரு."

பொறியாளருக்கு இரக்கம் வந்தது. நெடுநாள் ஒரே அறையில் வேலைபார்த்தவர்களுக்கு அப்படி ஏதாவது வருவதுண்டு என்று படித்திருப்பார். மெதுவாகக் கேட்டார். "எதை வச்சும்மா சொல்றீங்க?"

"இந்த செல்லு ஒன்பதும் இன்னும் சாகல."

பொறியாளர் அலமாரியிலிருந்த நோட்டை எடுத்தார். ஒரு பக்கம், பத்துப் பக்கம், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். அழகான கையெழுத்து, ஒரு திருத்தல் இல்லை. "இருபத்தொன்பது வருஷமா பூஜ்யம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இதோ உங்க கையெழுத்து."

தன் நோட்டே தனக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது. அளவம்மா மகளைப் பார்த்தாள், தள்ளுவண்டி ஆட்களைப் பார்த்தாள். இந்தக் கம்பெனியில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த நோட்டால் வந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

"பொய்" என்றாள். "நான் எழுதினது பொய். மூணாம் மாசத்துலேருந்து போன வாரம் வரைக்கும். ஒன்பதும் இறங்கவே இல்லை. மூணுதான் இறங்குச்சு. அந்த மூணு இவங்கப்பா செஞ்சதில்லை, அன்னைக்கு அவரு ஆஸ்பத்திரியில இவளை மடியில வச்சுட்டு இருந்தாரு. பதினேழுன்னு குத்தினது நான். எல்லைக்குப் போய்க் கெட்டுப்போனது நான் குத்தினது. அவரு என் நம்பர்னு சொல்லிட்டுப் போனாரு. நான் வாயைத் திறக்கல. நோட்டுல உள்ளதை எழுதியிருந்தா, யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாங்க. கேட்டுருவாங்கன்னு பயந்துதான் பூஜ்யம் போட்டேன்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பொறியாளர் தன் மீட்டரை எடுத்தார். புதுசு, முள் இல்லாதது, எண் மட்டும் காட்டுவது. முதல் செல்லில் வைத்தார். 2.12. அடுத்தது 2.12. மீட்டர் கெட்டுவிட்டதா என்று தள்ளுவண்டியிலிருந்த வேறொரு செல்லில் வைத்துப் பார்த்தார். பூஜ்யம். திரும்ப இங்கே வைத்தார். ஒன்பதும் 2.12. செல்லைத் தூக்கி அடியில் ஏதாவது கம்பி போகிறதா என்று தடவினார். தூசிதான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"கடப்பாரை எடுத்துட்டு வாங்க" என்றார் ஆட்களிடம்.

ஒரு மணி நேரத்தில் ஆள் நுழைகிற அளவு திறந்தது. பழைய ஆசிட்டின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. பொறியாளர் டார்ச் அடித்தார். எலும்பு இல்லை. துணி இல்லை. ஒரு மேசை, மேசைக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு, யாரோ கழற்றிவிட்டுக் குளிக்கப் போன மாதிரி சேர்த்து வைத்திருந்தது. மேசைமேல் ஒரு சின்னச் சுத்தி, வரிசையாக எண் அச்சுகள், கடைசியில் பதினேழு. சுத்தியின் பிடி கை படும் இடத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

வெளிச்சம் சுவருக்குப் போனது.

தரையிலிருந்து கூரைவரை ஈயத் தகடு முழுக்கத் தேதி. மேல் வரிசையில் அவரைப் பிடித்த நாள். அதற்கடுத்த நாள். அதற்கடுத்த நாள். அப்படிப் பதினோரு நாள் தொடர்ச்சியாக. பதினோராம் நாளுக்குப் பிறகு ஏழு ஏழு நாளாகத் தாவியது. மகள் விரலால் எண்ணிப் பார்த்தாள், டீச்சர் அல்லவா. எல்லாம் வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றின் முடிவிலும் பதினேழு, கொஞ்சம் அழுத்தமாக. வரிசை வரிசையாக இறங்கி, சீருடைக் காலத்தைத் தாண்டி, தேர்தலைத் தாண்டி, மகள் டீச்சரான வருஷத்தைத் தாண்டி வந்தது. கதவுப் பக்கத்தில், தரையை ஒட்டி முடிந்தது. கடைசித் தேதி போன வெள்ளி. அதற்குக் கீழே ஒரு வரிக்கு மட்டும் தகடு மிச்சம். பிறகு தரை.

தள்ளுவண்டி ஆட்களில் ஒருவர் மெதுவாகப் பின்வாங்கி, வாசல் வந்ததும் வேகமாகப் போய்விட்டார். பொறியாளர் கடைசித் தேதியைத் தொட்டுப் பார்த்தார். ஈயம் இன்னும் மினுங்கியது.

"இது... யாராவது உள்ள வந்து..." என்று ஆரம்பித்தவர், உடைத்த செங்கல்லைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"மணி என்ன?" என்றாள் அளவம்மா.

"பத்தாகப் போகுது."

அவள் திரும்பி மாதிரி அறைக்குள் வந்தாள். தன் பழைய மீட்டரை எடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் தட்டில் முதல் செல்லில் இரண்டு முனையையும் வைத்தாள். முள் ஏறி நின்றது. திறந்த சுவர் வழியே பொறியாளரின் டார்ச் வெளிச்சம் அந்த வெறும் அறையில், மேசைமேல் தெரிந்தது. சுத்தியை யாரும் தொடவில்லை.

டக்.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

டக். டக். டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு ஏழாவது, அழுத்தி.

அளவம்மா முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு புள்ளி ஒன்றில் நின்றது. இரண்டில் நின்றது. பிறகு, களைத்த ஆள் திண்டில் சாய்வதுபோல, அவசரமில்லாமல் கீழே வந்து பூஜ்யத்தில் படுத்தது. அடுத்த செல். பூஜ்யம். ஒன்பதும் பூஜ்யம். மீட்டரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்து, முப்பத்தொரு வருஷத்தில் முதல்தடவையாக அந்தச் செல்களுக்கு உண்மையான அளவை எழுதினாள். அதே பூஜ்யம்தான்.

உள்ளேயிருந்து பொறியாளர் ஏதோ சொன்னார். தகட்டின் கடைசி வரி இப்போது காலியாக இல்லை என்று சொல்லியிருப்பார். அளவம்மா போய்ப் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன தேதி என்று தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியில், தெருமுனை திரும்பும்போது மகள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். வீடுவரை விடவில்லை.

திங்கட்கிழமை கட்டடம் இடிந்த நேரத்தில் இருவரும் அலுவலகக் கவுண்டரில் இருந்தார்கள். பொறியாளர் எடுத்துக்கொடுத்த படங்களையும் மகள் நிரப்பிய படிவத்தையும் கிளார்க் வாங்கினார். கோடு போடாத கட்டத்தில் கண் நின்றது.

"என்னம்மா இது, போன வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"ஆளைப் பிடிச்சது முப்பத்தொரு வருஷம் முன்னாடி. இறந்தது போன வெள்ளி."

"ஆமாங்க."

கிளார்க் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அதுவரைக்கும் எங்க இருந்தாரும்மா?"

அளவம்மா மகளைப் பார்த்தாள். பிறகு கிளார்க்கைப் பார்த்தாள்.

"வேலையிலதான் இருந்தாரு. ஒரு நாளும் விட்டுப் போகல. அதையும் எழுதிக்குங்க."